முருகேசர் பிடித்த விரதம்

ஓர் உடும்புக்கு 'வாங்கோ, இருங்கோ' என்று மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எண்பதுகளின் கடைசியில் அவர் சீமையில், கிங்ஸ்பரியில் ஒரு வாடகை வீட்டில் என் அடுத்த அறையில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் உடும்பர்.

உடும்பின் பெயர் முருகேசர். ஆப்பிரிக்கப் பிறவி. முன்பு அந்த அறையில் இருந்த வெள்ளைக்காரர் கண்ணாடிப் பெட்டியோடும் சூட்டு விளக்கோடும் விட்டுவிட்டுப் போய்விட்டார். உடும்பரோ முட்டை பொரித்த சட்டியில் அப்பளம் பொரித்தாலும் தொடாத சைவம். அவர் ஏன் முருகேசரை வைத்திருக்கிறார் என்று அறிய எனக்குத் தலை வெடித்தது. கேட்டேவிட்டேன்.

"அவரும் வெய்யில் நாட்டுக்காரர், தம்பி. இந்தக் குளிருக்க எங்க அனுப்புறது?" என்றார்.

ஆனால் முருகேசருக்கு வினை குளிரால் வரவில்லை, எங்கள் உபசாரத்தால் வந்தது. வீட்டில் ஒரு சீவன் சும்மா இருந்தால் அதற்குச் சாப்பாடு கொடுக்காமல் எங்கள் ஆட்களுக்கு இருப்புக் கொள்ளாது. கீழே இருந்த வீட்டுச் சொந்தக்காரி சரசக்கா, "பாவம், வாயில்லாச் சீவன்" என்று இறைச்சி ரோல்ஸ் ஊட்டுவார். நான் சொசேஜ் போடுவேன். முருகேசர் எதையும் வேண்டாம் என்றதில்லை. இரண்டு வருடத்தில் தலையணை மாதிரி ஆகிவிட்டார். வயிறு நிலத்தில் இழுபட நாலடி நடந்து படுத்துவிடுவார்.

ஒருநாள் காலை எழும்பவேயில்லை. உடும்பர் அவரைக் கம்பளியில் சுற்றி, மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு, பஸ் ஏறி மிருக வைத்தியரிடம் ஓடினார். என்ன சாப்பிடுகிறது என்று அந்த அம்மா கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தவர், புட்டும் இறைச்சிக் குழம்பும் என்ற இடத்தில் பேனையை வைத்துவிட்டார்.

ஈரலெல்லாம் கொழுப்பாம். இப்படியே விட்டால் கிறிஸ்மஸ் காணாதாம். இனி வாரத்தில் இரண்டே நாள்தான் சாப்பாடு. அதுவும் வெட்டுக்கிளி, எலும்போடு முழு எலி, மேலே கல்சியம் தூள்.

"எலியோ? நானோ குடுக்கவேணும்?" உடும்பரின் முகம் வெளிறியது. கொஞ்ச நேரம் கம்பளியைத் தடவினார். "அவர் பிழைப்பாரெண்டால் குடுக்கிறன்."

முருகேசர் டயட்டில் இருக்கிறார் என்று வீடு முழுக்க அறிவித்தார். மறுநாளே சரசக்கா ரோல்ஸோடு படியேறினார்.

"டயட்டாம் டயட்! அவருக்கென்ன கலியாணமே பேசப்போறியள்?"

உடும்பர் கதவை மறித்தார், கெஞ்சினார். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில், "அக்கா, அவர் இண்டைக்கு விரதம்!" என்று கத்தினார்.

சரசக்காவின் கை அந்தரத்தில் நின்றது. "ஐயோ, முதலே சொல்லக்கூடாதே? பாவத்தைக் கட்டப் பாத்தன்!" என்று ரோல்ஸைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து முருகேசர் வாரத்தில் ஐந்து நாள் விரதம். ஒருவரும் ஒரு துணுக்குப் போடவில்லை. செவ்வாயும் சனியும் விரதம் முடிக்கும் பாறணை. உடும்பர் மூக்கைத் துவாயால் கட்டி, இடுக்கியால் எலியை நீட்டி, "சாப்பிடுங்கோ ராசா" என்பார். பிறகு போய்த் தலை முழுகுவார்.

ஒன்றரை மாதத்தில் முருகேசருக்கு இடுப்புத் தெரிந்தது. உடும்பருக்கு எலும்பு தெரிந்தது. விடாமல் துருவியதில் உண்மை வந்தது. மனிதர் அந்த ஐந்து நாளும் தேத்தண்ணியும் வாழைப்பழமுமாகக் கிடந்திருக்கிறார்.

"உங்களுக்கென்ன விசரே, அண்ணை?"

"விரதமெண்டு வாயால சொல்லிப்போட்டன், தம்பி. அவருக்குப் பிடிக்கத் தெரியாது. ஆராவது ஒராள் பிடிக்கவேணும்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மனம் வரவில்லை. நேரே போய்ச் சரசக்காவிடம் சொன்னேன். அவர் மேலே வந்து, "இனி முருகேசருக்கு நான் ஒரு துண்டும் போடன். சத்தியம். நீங்கள் முதல்ல சாப்பிடுங்கோ" என்று அழாக்குறையாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து முருகேசர் நாலு காலில் எழும்பி, வயிறு நிலத்தில் படாமல், எங்களைக் கடந்து நடந்து போனார்.

நான் அரிசியைப் போட்டேன். பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து உடும்பரை இருத்தினேன். மூன்றாம் தரமும் சோறு கேட்டார். ஒரு மனிதர் சாப்பிடுவதைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.