திண்டிவனம் ஏரியில் கோல்ஃப் வளர்த்தவர்

உள்ளூர் விளையாட்டு நிருபர் என்றொரு பிறவி உண்டு. தானும் விளையாட மாட்டார், விளையாடுகிறவனையும் விடமாட்டார்.

நம் கோதண்டபாணியைப் பாருங்கள். யாரோ ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் கப்பலேறும்போது விட்டுப்போன மட்டைகளை வைத்துக்கொண்டு, கோடையில் ஏரி வற்றியதும் குழி தோண்டி, கொடி நட்டு, விழுப்புரத்துக்காரர்களையும் திண்டிவனத்துக்காரர்களையும் வெயிலில் இழுத்துவந்து நிறுத்தி, பந்து மந்தைக்குள் விழுந்தால் ஆட்டுக்காரனோடு மல்லுக்கட்டி, சுதந்திரம் வந்த நாளாக கோல்ஃப் வளர்க்கிறார். மட்டையைத் தொட்டதுண்டா? சிவசிவா!

"நான் எழுதலைன்னா இங்க ஆடுதான் மேயும், கோல்ஃப் எங்கேந்து வரும்?" என்பார். அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

செய்திக் கவர் சாயங்கால ரயிலில் மெட்ராஸ் போயாக வேண்டும். ஆட்டம் முடிவதோ ரயில் போன பிறகு. அதற்காகச் செய்தி காத்திருக்குமா? காலையிலேயே எழுதிவிடுவார்! கோப்பையை வாங்கிக் கொடுப்பவரும் ரைஸ்மில் அரங்கநாதன், வருஷா வருஷம் அதை ஜெயிப்பவரும் அவரே என்பதால் இதுவரை பழுதில்லை.

இந்த வருஷம் டிரில் மாஸ்டர் பச்சைமுத்து ஜெயித்துத் தொலைத்தார்.

பாவம், அவருக்கு அது மானப் பிரச்சினை. "மாப்ளே ஏரியில குச்சி வச்சிக்கினு சுத்துறாரு" என்று ஒலக்கூர் மாமனார் அரசப்பன் உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பேப்பரில் பேர் வந்தால் அந்த வாய் அடைபடும். கோப்பையை நடுவீட்டில் வைத்து, மாமனாருக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் மாமனார் பேப்பரோடு வந்தார். 'கடும் போட்டியில் அரங்கநாதன் அபார வெற்றி!'

"ஏன் மாப்ளே, அவரு கப்பு இங்க எப்படி வந்துச்சு?"

"இவருதாம்பா ஜெயிச்சாரு, நான் கண்ணால பார்த்தேன்!" என்றாள் பச்சைமுத்துவின் மனைவி தனம்.

"நீ சும்மா கெட. பேப்பர்காரன் பொய் சொல்வானா?"

பச்சைமுத்து நிருபரிடம் ஓடினார். "சார், திருத்தம் போடுங்க!"

"போட்டா, நம்மூரு கோல்ஃபே பொய்யின்னுடுவாங்க. வாத்தியாரே, ஜல்தியா ஒண்ணு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை திரும்ப ஆடுங்க. நீங்க தோத்துடுங்க, செய்தி சரியாப்பூடும்."

கேட்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறதா இல்லையா? ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூடப் போகவில்லை. அன்று மாலையே ரைஸ்மில்லிலிருந்து ஆள் வந்து, முதலாளி ஜெயித்த கோப்பையைக் கேட்டான். மாமனாரே மேல்துண்டால் துடைத்து எடுத்துக் கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எதிர்வீட்டுப் பையன் எஸ்.எஸ்.எல்.சி. தேறமாட்டான் என்று பரீட்சைக்கு முன்பே தெருவெல்லாம் சொல்லிவைத்தவர் நீங்கள். நேற்று அவன் தேறிவிட்டேன் என்று சர்க்கரையோடு உங்கள் வாசலில் நின்றான். என்ன கேட்டீர்கள்?

"நம்பரைச் சரியாப் பார்த்தியாப்பா?"