ஒரே குலசாமிக்குப் பொங்கல் வைத்த காதலர்கள்

மனித குலத்துக்குக் காதலைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சரக்காக ஏற்று, தரம் பிரித்து, வியாழன்தோறும் முதல் பஸ்ஸில் ஏற்றி, பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரை சேதாரமில்லாமல் கொண்டு சேர்த்த பெருமை எங்கள் 'கன்னல்' வாரப் பத்திரிகையையே சேரும். என் அப்பா வெல்ல மண்டி வைத்திருந்தவர். இனிப்பு விற்பது எங்கள் குடும்பத் தொழில். நான் ஈ மொய்க்காத இனிப்புக்கு மாறினேன், அவ்வளவுதான்.

எங்கள் 'ஆஸ்தானக் காதலாசிரியர்' கல்பாத்தி சுப்பராமன். பகலில் ஆபீஸ் குமாஸ்தா. மற்ற நேரமெல்லாம் தொடர்கதை. அவருடைய தியாகங்களை நாடு அறியாது. கதாநாயகி மதுரவாணியின் கண்ணுக்கு வாராவாரம் ஒரு உவமை வேண்டும். மீன், மான், தாமரை எல்லாம் முதல் மாதத்திலேயே காலி. வண்டை வைத்துச் சில வாரம் ஓட்டினார். பிறகு, "கண்ணு மதி, போதும். மூக்குக்குப் போகட்டுமா?" என்று விண்ணப்பித்தார். மூக்குக்கு மார்க்கெட் இல்லை என்று நான் அனுமதி மறுத்தேன்.

கதாநாயகன் மனோகர், மலைமேல் சித்திரபுரத்தில் மின்சார வாரியக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் என்ஜினீயர். அவன் பெருமூச்சு விடுவதற்குப் பனி தேவைப்பட்டது. பனியை நேரில் ஆய்வு செய்ய சுப்பராமன் தேவிகுளம் வரை போய், அட்டைக்கடியுடன் திரும்பினார். 'காதல் முதலில் காலைத்தான் பற்றுகிறது. பற்றியது தெரிவதில்லை' என்ற அமர வரி அந்த வாரம் வெளியானது. கல்லூரிப் பெண்கள் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டதாகத் தகவல்.

இந்த இலக்கிய வேள்வியில் அவர் மனைவி ஞானத்தின் பங்கும் சிறிதல்ல. நான் ஒருநாள் அத்தியாயம் வாங்கப் போனபோது காபியோடு விமரிசனமும் வந்தது.

"ஏன்னா, அந்தப் பொண்ணை ஒரு மாசமா நெல்லி மரத்தடியிலே நிறுத்தி வெச்சிருக்கேளே. காலு கடுக்காதோ அவளுக்கு?"

"காத்திண்டிருக்கா, ஞானம். காதலாக்கும்."

"காத்திண்டு நிக்கறதுதான் காதல்னா, நேத்திக்கு ரேஷன் கடையிலே நானும் அதைத்தான் பண்ணிண்டிருந்தேன்."

சுப்பராமன் அதையும் குறித்துக்கொண்டார். இந்தத் தம்பதியைச் சேர்த்து வைத்தது ஜாதகம். கல்யாணத்துக்கு முன் இவர் அவளைப் பார்த்ததில்லை. பின்னாலும் அதிகம் பார்த்ததாகச் சொல்ல முடியாது. 'அனுபவம் இல்லாதவர் காதல் கதை எழுதலாமா?' என்று சில வாசகர்கள் கேட்பதுண்டு. வெல்ல வியாபாரிக்குச் சர்க்கரை வியாதி இருந்தால் மண்டியையா மூடிவிடுகிறோம்?

வாசலில் விடைபெறும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முதலாளி, இந்த ரெண்டு பேரையாவது அவா ஆசைப்பட்ட மாதிரி சேர்த்து வெச்சுடணும். அதுக்காகத்தான் எழுதறேன். வேறெந்தக் கூலியும் வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை நான் உடனே ஒப்புக்கொண்டேன்.

மறுவாரம், சுப்பராமன் என் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கிழக்கேயிருந்து குப்பண்ணன் வந்து இறங்கினார். பெரிய பண்ணையம். அவர் தலையசைத்தால் சித்தூர்ப் பக்கம் பாதி ஊர் பத்திரிகை வாங்கும். வேறு மாதிரி அசைத்தால் வாங்காது. கூடவே கல்லூரியில் படிக்கும் மகள் மயிலாத்தாள்.

"ஏனுங்க சாமி, மதுரவாணியும் அந்தப் பையனும் ஒரே குலசாமிக்குப் பொங்கல் வெக்கறாங்கன்னு எழுதியிருக்கறீங்களே, நெசந்தானுங்களா?"

"நெஜமாக்கும். அங்கேதான் முதல் பார்வை. நன்னா வந்திருக்கோல்லியோ?"

"ஒரு சாமிக்குப் பொங்கல் வெச்சா ஒரு கூட்டமுங்க. ஒரு கூட்டம்னா பங்காளிங்க. அப்ப அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியாகோணும்."

சுப்பராமன் புரூப்பைக் கீழே வைத்தார். கல்பாத்திக்காரருக்குக் கோயில் என்றால் தேர். தேருக்கு ஊரே வரும். யாரும் யாரையும் பார்க்கலாம். கிழக்கே குலசாமி வாசலில் அந்தக் கூட்டத்தார் மட்டுமே பானை வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் எங்கள் பத்திரிகையைப் படிப்பதில்லை. வெல்லம் விற்கிறவன் வெல்லம் தின்பதில்லை.

"போன வாரம் நெல்லி மரத்தடியில அந்தப் பையன் அவ கையப் புடிச்சான்" என்றார் குப்பண்ணன். "தொடரும்னு போட்டுட்டீங்க. ஒரு வாரமா புடிச்சுட்டே நிக்கறான். மொதல்ல கைய எடுக்கச் சொல்லுங்க."

உடனடியாக 'உயர்மட்டக் குழு' கூடியது. தலைவர் நான். அவர்கள் இருவரும் உறுப்பினர்கள். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து பழைய இதழ் புரட்டிய மயிலாத்தாள் பார்வையாளர்.

"அவாளைப் பிரிச்சா நான் எழுதறதையே விட்டுடுவேன்" என்றார் சுப்பராமன்.

"பையன் பொங்கலுக்கு வந்த விருந்தாளி என்று வைத்துக்கொண்டால்?" என்றேன்.

"அவனப்பன் பூசைக்குத் தீர்த்தம் எடுத்து வந்ததா எழுதியாச்சுங்களே. விருந்தாளி கையில தீர்த்தக் குடத்தக் குடுப்பாங்களா?"

"பெண்ணை யாரோ தொட்டிலில் போட்டுவிட்டுப் போனதாக..."

"அப்பப் பையன் ஊட்டுல பொண்ணெடுப்பாங்களா?"

மண்டியில் வளர்ந்தவனுக்கு வழி பிறக்காமலா போகும்? 'ஐந்தாம் அத்தியாயத்தில் கதாநாயகன் பொங்கல் வைத்தது பக்கத்து ஊர்க் குலசாமிக்கு என்று திருத்திப் படிக்கவும். அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம்.' ஒரு அறிவிப்பில் அண்ணனை மாப்பிள்ளையாக்கிய சாதனை இந்தியப் பத்திரிகை உலகிலேயே எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

சுப்பராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குப்பண்ணன் எழுந்திருக்கவில்லை.

"கூட்டம் சரியாப் போச்சுங்க. பையனுக்கு நெலம் எவ்வளவு?"

"என்ஜினீயராக்கும் அவன்."

"கரண்டு ஆபீசு உத்தியோகம் சரிங்க. நெலம்?"

சுப்பராமன் தோப்பு ஒன்று கொடுத்தார். குப்பண்ணன் கிணறு கேட்டார். தந்தோம். கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்க வேண்டும் என்றார். நிறுத்தினோம். நட்சத்திரப் பொருத்தம் சுப்பராமனே பஞ்சாங்கம் பார்த்துச் சேர்த்தார். பெண்ணைப் பெற்றவன் முதலில் போய்ப் பேசுவதா, பையன் வீட்டார் வருவதா என்பதில் மட்டும் காரசாரமான விவாதம். கடைசியில், முறைப்படி பேசி முடித்த பெண் கல்யாணத்துக்கு முன் மரத்தடிக்குப் போகலாகாது என்பதால் நெல்லி மரமும் 'கனவு' என்று அறிவிக்கப்பட்டது.

இவ்வாறாக, யாரும் யாரையும் பார்க்காமல், யாரும் யாரையும் தொடாமல், இரு வீட்டாரும் ஆசைப்பட்ட மாதிரியே காதல் வென்றது. குழு ஏகமனதாக மகிழ்ந்தது.

மனம் குளிர்ந்த குப்பண்ணன் மடியிலிருந்து மஞ்சள் தடவிய காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். வந்த காரியமே அதுதானாம். தை மாதம் மயிலாத்தாளுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் அடிக்க வேண்டும்.

மயிலாத்தாள் இதழிலிருந்து தலை நிமிராமல் கேட்டாள்: "ஏனுங்கப்பா, இத்தனை நேரம் பேசுனீங்களே. அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எந்தப் புள்ளைய?"

"மதுரவாணிய."

நாங்கள் சிரித்தோம். "கதைல வர்ற புள்ளைகிட்ட எப்படி அம்முணி கேக்கறது?" என்றார் குப்பண்ணன்.

"கதைல வராத புள்ளைகிட்ட மட்டும் கேட்டுப்போட்டீங்களாக்கும்."

அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் அது எங்கள் காதில் விழவில்லை என்று குழு முடிவு செய்தது. சுப்பராமன் மட்டும் வெகுநேரம் பேனா மூடியைத் தேடினார். மூடி பேனாவின் மேலேயே இருந்தது.

அழைப்பிதழை நானே பிழை பார்த்தேன். கூட்டம் வேறு வேறு. முகூர்த்தம் சரி. மாப்பிள்ளைக்கு நிலம் உண்டு. திருத்த ஒரு எழுத்து இல்லை. அந்த வாரம் 'கன்னல்' இதுவரை காணாத விற்பனை கண்டது. இருக்காதா பின்னே? எந்த வீட்டிலும் எடுத்துப் புழங்கவிடாமல் பார்த்துக்கொண்டால்தானே சந்தையில் ஒரு சரக்குக்குக் கிராக்கி நிற்கும்?

நெருக்கடி நிலைக் காலம் அது. அரிசி பதுக்கியவர்களையெல்லாம் தேடித் தேடிப் பிடித்தார்கள். எங்களைத் தேடி ஒரு போலீஸ்காரரும் வரவில்லை.