பாதி பாயும் கைராசியும்

ஆம்பூரில் எந்தக் கடை பிரியாணி உசத்தி என்று கேட்டால் வாயைத் திறக்காத ஒரே மனிதர், எங்கள் தோல் தொழிற்சாலை லேபில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரரான பாதி பாய்தான். "அதெல்லாம் சண்டைக்கு ஆவுற கேள்வி, தோஸ்த். எந்தக் கடைத் தட்டு சீக்கிரம் ஆறுதுன்னு கேளு, தெர்மாமீட்டரை எடுத்துனு வர்றேன்" என்பார். சொன்னபடி ஒருநாள் எடுத்தும் வந்தார். கடைக்காரர் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்.

எதைச் சோதித்தாலும் ஒரே தோலை முதுகு வாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் புது மருந்தும் மறு பாதியில் பழைய மருந்தும் போட்டுப் பார்ப்பது லேப் வழக்கம். மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார். முடி முளைக்கும் எண்ணெயைத் தன் வழுக்கையின் இடப்பக்கம் மட்டும் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் திரிந்தார். பேர் அப்படித்தான் வந்தது. கடைசியில் இரண்டு பக்கமும் பளபளவென்றே இருந்தன. "ரிசல்ட் எவ்ளோ க்ளியர் பாத்தியா!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு சமயம் தோல்களில் கருநீலக் கறை விழத் தொடங்கியது. கழுவும் பிரிவுக்குக் கஸ்தூரி அக்கா புதிதாக வந்திருந்த நேரம் அது. "அந்தம்மா கைராசி சரியில்ல, நிறுத்திடலாம்" என்றார் சூப்பர்வைசர். முதலாளியும் தலையாட்டினார். அக்கா சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அழுதுகொண்டே லேப் வாசலில் வந்து நின்றார்.

பாதி பாய் நேரே முதலாளியிடம் போனார்.

"ராசியைப் பாக்க என்னாண்ட மிஷின் இல்ல சார். அவங்க கழுவுனா மட்டும் கறை வருதான்னு கேளுங்க. நாளைக்கே சொல்றேன்."

ஒரு தோல் இரண்டானது. ஒரு பாதியை அக்கா கழுவினார். மறு பாதியைச் சூப்பர்வைசரே பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கழுவ வேண்டியதாயிற்று. மறுநாள் இரண்டிலும் கறை. "இன்னா சார், உங்க ராசியும் பூட்ச்சா?" என்று யாரோ கேட்க, தொழிற்சாலையே சிரித்தது. பாய் விடவில்லை. அடுத்த தோலில் ஒரு பாதிக்கு, அக்கா வேலைக்கு வந்த சமயத்தில்தான் போட்டிருந்த புது போர்வெல் தண்ணீர், மறு பாதிக்குப் பழையபடி லாரித் தண்ணீர். போர்த் தண்ணீர் பட்ட பாதியில் மட்டும் கறை. சோதித்தால் அதில் ஏகப்பட்ட இரும்பு; தோலில் ஏற்றிய பட்டைச் சாறோடு அது சேர்ந்தால் கருநீலம்தான். அக்காவின் வேலை பிழைத்தது.

அன்று சாயங்காலம் அக்கா அவரிடம் மெதுவாகக் கேட்டார். "ஒருவேள என் பாதியில மட்டும் கறை வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க, பாய்?"

அவர் கையிலிருந்த தோல் துண்டைக் கீழே வைத்தார்.

"உள்ளதத்தாம்மா சொல்லியிருப்பேன், பொய் சொல்ல வராது. அதான் ரிசல்ட் வர்ற வரைக்கும் சோறு எறங்கல. அல்லாகிட்ட துவா பண்ணிட்டே இருந்தேன்."

அக்காவைக் காப்பாற்றியது துவாவா, சோதனையா என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.