மில்லுக்காரிக்கு வைத்த பொட்டு

கையில் குங்குமச் சிமிழ் இருந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. இதை என் மனைவி முதலில் சொன்னபோது சண்டை போட்டேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கண்டியில் என் மாமனாருக்கு மேசை, நாற்காலி, அலுமாரி என்று பழைய தளபாடம் விற்கும் கடை. ஒருநாள் மாப்பிள்ளையை நம்பி (முதல் தடவையாக, கடைசித் தடவையாகவும்) கடையை விட்டுவிட்டுக் கலஹாவுக்குப் போனார். எனக்கு ஒரே வேலைதான். கொழும்பிலிருந்து வரும் டாக்டரம்மாவிடம், துரை பங்களாவிலிருந்து வந்த ஓவியம் ஒன்றை விற்க வேண்டும். விற்றுவிட்டால் கடைச் சாவி என் கைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்.

ஓவியத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மாவு மில், தண்ணீர்ச் சக்கரம். இந்தப் பக்கம் வர ஒரு சின்னப் பாலம். கிட்டப் போனால் வெறும் சாயத் திட்டுகள், பத்தடி தள்ளி நின்றால்தான் மில் தெரியும். ஆள் ஒருவரும் இல்லை. முந்தின நாளே அதைப் படம்பிடித்து டாக்டரம்மாவுக்கு அனுப்பியிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஹந்தானை மலையிலிருந்து இறங்கிய பனி கடைக்குள்ளேயே வந்துவிட்டது, கரண்டும் இல்லை. சாமிப் படங்களுக்கும் செத்துப்போன பெரியவர்களின் படங்களுக்கும் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவன், அதே கையோடு மில் வாசலின் இருட்டிலும் ஒன்று வைத்துவிட்டேன். விரலுக்குச் சில்லென்றிருந்தது. (சாயம் குளிருமா? அப்போது யோசிக்கவில்லை.)

டாக்டரம்மா வந்தார். தள்ளி நின்று ஓவியத்தைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். மறுபடி ஓவியத்தைப் பார்த்தார்.

"தம்பி, நேற்று அனுப்பின படத்தில இந்த மனுசி இல்லையே?"

நானும் பின்னால் வந்து பார்த்தேன். மில் வாசலில் ஒரு பெண் நின்றாள். என் பொட்டு அவள் நெற்றியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பெரிய புத்திசாலி ஆயிற்றே, ஓடிப்போய் ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் கரைந்து கீழே இழுபட்டது. திரும்ப வந்து பார்த்தால், அவள் சிவப்புச் சேலையோடு வாசலை விட்டு ஓர் அடி வெளியே வந்திருந்தாள்.

டாக்டரம்மா குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

மாலையில் மாமனார் வந்து வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொட்டு வச்சது நீங்க. நீங்களே கூட்டிட்டுப் போங்க மாப்ள" என்றார். சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் எங்கள் ஹாலில் இருக்கிறாள். கோபம் வந்தால் என் மனைவி, "போய் உங்க மூத்தவகிட்ட சோறு கேளுங்க" என்பாள். வீடே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். போன வாரம் தூசி தட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு, "ஏங்க, இவ பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே நின்னா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.