பபூன்களிடம் மேக்கப் படித்த மாப்பிள்ளை

தன்னை அறிவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஈடு இணை கிடையாது. முட்டாளாவது நாலு பேரிடம் கேட்டுவிட்டுச் செய்வான். நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். (சோதனைக் குழாய் கழுவுகிற வேலை. வெளியே சொல்லும்போது 'சயின்ஸ் டிபார்ட்மெண்ட்'.) வயது முப்பத்தொன்று. நிறம், நன்றாகப் பழகிய தோசைக்கல்.

சேரன்மகாதேவியில் ஒரு பெண். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. 'எடுத்தாச்சா, நான் போகலாமா?' என்று கேமராவைக் கேட்பதுபோல ஒரு முகம். அதற்கு முன் மூன்று இடத்தில் 'பையன் கறுப்பு' என்று என்னைத் தட்டிக் கழித்திருந்தார்கள். அதனால் என் போட்டோவை ஒரு செல்போன் ஆப்பில் வெளுத்துத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்சமாக வெளுத்திருக்கலாம். கை மீறிக் காஷ்மீர் வரைக்கும் போய்விட்டது. அவர்களுக்குப் போட்டோ பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள். போட்டோவில் இருந்தவனை நான் எங்கே போய்த் தேடுவது?

பக்கத்து வண்ணார்பேட்டையில் பியூட்டி பார்லருக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் கண்ணாடிக் கதவு. நான் உள்ளே போய் உட்கார்ந்தால், முகத்தில் பூசியது காய்வதற்குள் செய்தி சேரன்மகாதேவிக்குப் போய்விடும். அந்தச் சமயம் ஊரில் சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். சர்க்கஸ்காரர்கள் அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், ரகசியமும் கூடவே போய்விடும் என்று முடிவு கட்டினேன். (என் மூளை வேலை செய்த லட்சணம் அது.)

மத்தியானக் காட்சிக்கு முன்னால் கூடாரத்தின் பின்பக்கம் போனேன். வயதான இரண்டு பபூன்கள் ஒரே தகரப் பெட்டியின் இரு பக்கமும் உட்கார்ந்து முகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ராசையா, களக்காட்டுக்காரர். இன்னொருவர் மணி. நாற்பது வருஷம் சேர்ந்து விழுந்து எழுந்தவர்கள். ஆனால் ஒருவர் மேக்கப்பை மற்றவர் மதிப்பதில்லை.

"மேக்கப் படிக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

"எதுக்குவே?" என்றார் ராசையா.

உண்மையைச் சொல்ல வெட்கம். "பள்ளிக்கூட ஆண்டு விழா. நாடகத்துல பபூன் வேசம்" என்று அவிழ்த்துவிட்டேன்.

மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு மேக்கப் எதுக்குவே? இப்படியே போனாப் போதாதா?"

ராசையா துத்தநாகப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தார். "ஜிங்க் ஆக்சைடு!" என்று நான் பெருமையாகச் சொன்னேன். ஒருவரும் பாராட்டவில்லை. விரலால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு பழைய காலுறைக்குள் பவுடரைப் போட்டு முகம் முழுக்க ஒற்ற வேண்டும். மேலே தண்ணீர் தெளித்தால் இறுகிவிடும்.

"இனி ஆத்துல முங்குனாலும் அசையாது" என்றார் ராசையா. "சரி, தலைக்கும் கழுத்துக்கும் என்ன வச்சிருக்கீரு?"

அவர் என்ன கேட்கிறார் என்று புரியாமலே, "எல்லாம் இருக்கு அண்ணாச்சி" என்றேன். புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அறிவாளிக்கு அழகில்லையே!

"கலைக்கிற விதத்தையும் கேட்டுட்டுப் போவும்வே" என்று அவர் கூப்பிட்டபோது நான் கூடாரத்தைத் தாண்டியிருந்தேன்.

ஞாயிறு காலை, பெட்ரோல் போட்டுவிட்டு பைக்கில் வருகிறேன் என்று சொல்லி அம்மாவையும் மாமாவையும் காரில் முன்னே அனுப்பினேன். குளியலறையில் தொங்கிய கையகலக் கண்ணாடியைப் பார்த்து, ராசையா காட்டியபடியே பூசி முகத்தை முடித்தேன். மூக்கில் சிவப்பு வைக்கவில்லை. அந்த அளவுக்கு விவரம் இருந்தது. கண்ணாடிக்குள் போட்டோவில் இருந்தவனே நின்றான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பெண் வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கம்பீரமாக உள்ளே போனேன். கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள்.

"யாத்தீ! ஏலே, என்னலே இது?" என்றாள் அம்மா.

பெண்ணின் அப்பா மரியாதையான மனிதர். செல்போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாமாவிடம் பைய கேட்டார். "மாப்பிள்ளைக்கு மூஞ்சில தீக்காயம் ஏதும் பட்டிருக்கா? மருந்து போட்டிருக்காவளோ?"

எதிரே இருந்த பீரோக் கண்ணாடியில் அப்போதுதான் என்னை முழுசாகப் பார்த்தேன். முகம் மட்டும் வெள்ளையடித்த சுவர். இரண்டு காதும் கழுத்தும் கைகளும் என் சொந்த நிறம். பபூனுக்குக் காதை டோப்பா மறைத்துவிடும், கழுத்தைச் சுருக்கு வைத்த காலர் மறைத்துவிடும், கைக்கு உறை உண்டு. அதனால் அவர்கள் முகத்தைத் தாண்டி ஒரு அங்குலம்கூடப் பூசுவதில்லை. ராசையா கேட்டது அதைத்தான்.

பின்பக்கக் குழாயடிக்கு ஓடினேன். சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியதே தவிர வெள்ளை அசையவில்லை. மனதுக்குப் பிடித்த ஒருத்தி இப்படிக் குழாயடியில் வைத்துக் கை நழுவிப் போகிறாளே என்று அழுகை வந்துவிட்டது. (கண்ணீருக்கும் அது கரையவில்லை.)

நிமிர்ந்தால், தேங்காய் எண்ணெய் பாட்டிலும் பழைய துண்டுமாக அந்தப் பெண் நின்றாள்.

"பெயிண்டைத் தண்ணி ஊத்திக் கழுவுனாப் போவுமா? எண்ணெய் வச்சுத் துடைங்க."

துடைத்தேன். அவள் சிரிக்கவே இல்லை.

"போட்டோவும் இப்படி அடிச்சதுதானா?"

"ஆமா."

"வேற பொய் இருக்கா?"

"சயின்ஸ் டிபார்ட்மெண்ட்லாம் இல்ல. குழாய் கழுவுதேன்."

அவள் உள்ளே போனாள். "என்னம்மா சொல்லுத?" என்று அவள் அப்பா கேட்டது என் காதில் விழுந்தது.

"அந்தக் காது நெறந்தான்ப்பா அவிய நெறம். எனக்குச் சம்மதம்."

கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், 'எங்க, காதைக் காட்டு பாப்போம்' என்பார்கள். போன மாதம் பள்ளிக்கூட அடையாள அட்டைக்காக மகளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். அவள் அப்படியே என் நிறம். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே, "பாப்பாவைக் கொஞ்சம் கலராக்கிருவமா அண்ணாச்சி?" என்றார். பழக்கதோஷம், நான் தலையை ஆட்டப் போனேன்.

"எங்கப்பா காது நெறத்துலயே போடுங்க" என்றாள் மகள். "அம்மாவுக்கு அதான் பிடிக்கும்."