கம்பிக்கு ஒரு ஆள்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் மகளும் நலம். அங்கு தாங்களும் அத்தையும் நலம், இரும்புச் சாமான் கடையும் நலம், தங்கள் வலது முழங்கால் மட்டும் சுமார் என்று தங்கள் மகள் மூலம் அறிந்தேன். அதுவும் சீக்கிரமே சரியாகிவிடும் என்று நம்புகிறேன்.

நிற்க. நான் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகம் எங்கள் கிளையை இழுத்து மூடியபோது, இனி வீட்டிலேயே கிடார் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்வேன் என்று தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் அறிவித்தது தங்களுக்கு நினைவிருக்கும். தாங்கள் கோபப்படவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து, அதில் எத்தனை கம்பி என்று கேட்டீர்கள். ஆறு என்றேன். "அப்ப கம்பிக்கு ஒரு ஆள்னு நாலு மாசத்துல ஆறு பேரைச் சேத்துக் காட்டுங்க மாப்பிள்ளை. இல்லேன்னா பேசாம நம்ம கடைக்கு வந்துடுங்க, குழாய்ப் பகுதியில நிக்க ஆள் இல்ல" என்றீர்கள். வயலின் என்று சொல்லியிருந்தால் நாலோடு போயிருக்கும். கெடு இன்றோடு முடிகிறது. நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லியிருந்தீர்கள், எழுதுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் ஆறு மாணவர்கள் எப்போதோ சேர்ந்திருப்பார்கள்.

முதலில் விளம்பரம் செய்தேன். ஒரு தாளில் 'கிடார் கற்றுத்தரப்படும்' என்று பெரிதாக எழுதி, அடியில் என் தொலைபேசி எண்ணைப் பன்னிரண்டு தடவை எழுதி, வேண்டியவர்கள் கிழித்துக்கொண்டு போக வசதியாகக் கத்தரித்து, மளிகைக் கடைச் சுவரில் ஒட்டினேன். மூன்று நாளாகியும் ஒருவரும் தொடவில்லை. யாருமே கிழிக்காத தாளைப் பார்த்தால் யாருக்குத்தான் கிழிக்கத் தோன்றும் என்று, கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து நானே மூன்று துண்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். வார முடிவில் போய்ப் பார்க்கிறேன், மொத்தம் ஏழு துண்டைக் காணோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பத்து நாள் குளிக்கப் போகும்போதுகூடப் போனைக் கையோடு கொண்டுபோனேன். மணி ஒரே ஒரு தடவை அடித்தது. பரணில் கிடக்கும் பழைய கிடாரை எடுத்துக்கொள்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். பிறகொரு நாள் சாவி தேடித் தங்கள் மகளின் கைப்பையைத் திறந்தால், உள்ளே நாலு துண்டு இருந்தது. மூன்றும் நாலும் ஏழு. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, நீங்க தினமும் போய் எண்ணிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றாள்.

அவள்தான் அந்தத் தாளில் 'முதல் வகுப்பு இலவசம்' என்று ஒரு வரி சேர்த்தாள். சேர்த்ததும் ஆள் வர ஆரம்பித்தது. முன்னறையில் செருப்பு அலமாரியை நகர்த்திவிட்டு, எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டேன். முதலில் வந்தவர் அடுத்த தெருப் பல் டாக்டர். பாவம், வேலை முடிந்து நேராக வந்திருந்தார், சட்டையில் கிராம்பு வாசனை அடித்தது. விஷயம் தெரிந்த ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை வர வேண்டாமா? சின்னதாக ஒன்று வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு அதைவிடக் கொஞ்சம் கடினமாக ஒன்று. அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒன்று. கண்ணைத் திறந்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார், அடுத்த கச்சேரி எங்கே என்று சொன்னால் குடும்பத்தோடு வந்து கேட்பதாகச் சொன்னார், போனார். போனவர் போனவர்தான். அடுத்து ஒரு கணக்கு டீச்சர் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். நான் வாசிக்க வாசிக்க அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முடிந்ததும் மகளிடம், இதெல்லாம் நமக்கு வராதும்மா, நீச்சலிலேயே சேர்த்துவிடுகிறேன் என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு லிஃப்ட் மெக்கானிக், வீட்டில் கொஞ்சம் நன்றாகப் பழகிக்கொண்டு, அதற்கப்புறம் கற்றுக்கொள்ள வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிப் பதினோரு பேர். அத்தனை பேரும் என்னைப் பாராட்டினார்கள், ஒருவரும் திரும்பி வரவில்லை. மனிதர்களுக்கு ரசனையே போய்விட்டது என்று தங்கள் மகளிடம் புலம்பினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "வந்தவங்கள்ல யாராவது ஒருத்தர் கையில அந்தக் கிடாரைக் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். கொடுத்ததாக ஞாபகம் வரவில்லை. அதற்காக ஒப்புக்கொண்டுவிடுவேனா? முதலில் காது பழக வேண்டும், நல்ல வாசிப்பு என்றால் என்னவென்று தெரிய வேண்டும் என்று நீளமாக ஆரம்பித்தேன். அவள் அடுப்பின் அந்தப் பக்கத்தைத் துடைக்கப் போய்விட்டாள்.

பிறகுதான் சுத்தியல் சம்பவம். வாசலில் ஒரு பெயர்ப்பலகை மாட்டினால் மதிப்பாக இருக்கும் என்று தோன்றி, புதுமனை புகுந்தபோது தாங்கள் அன்பளிப்பாகத் தந்த சுத்தியலை எடுத்து, ஆணியைப் பிடித்து, ஓங்கி என் இடது ஆள்காட்டி விரலில் ஒன்று போட்டேன். சுத்தியலில் எந்தக் குறையும் இல்லை மாமா, நல்ல கனம். விரலில் நானே ஒரு கட்டுப் போட்டுக்கொண்டேன், அது வாழைக்காய் அளவுக்கு வந்தது. இடது கையால்தான் கம்பிகளை அழுத்த வேண்டும். ஆக, ஒரு மாதத்துக்கு என்னால் ஒரு ஓசையும் எழுப்ப முடியாது.

மறுநாள் பார்த்து ஒரு நர்ஸ் முதல் வகுப்புக்கு வந்து நின்றார். உட்கார்ந்ததும் என் கட்டைப் பார்த்து, இதை யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். உடனே அவிழ்த்து, சுத்தம் செய்து, வேறு கட்டுப் போட்டுவிட்டார். வகுப்பில் முதல் கால் மணி நேரம் இப்படி எனக்கு வைத்தியத்தில் போயிற்று. அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன்? வாசித்துக் காட்ட வழியில்லை. எழுந்து போகச் சொல்லவும் வெட்கம். கிடாரை எடுத்து அவர் மடியில் வைத்தேன். இந்தக் கம்பி, இந்த இடம், இந்த விரல் என்று வாயால் சொன்னேன். அழுத்தினார், மீட்டினார், டொக்கென்றது. மறுபடி மீட்டினார், கொர்ரென்றது. எனக்குக் கை பரபரத்தது. கட்டுப்போட்ட விரல் தானாக இரண்டு தடவை கிடார் பக்கம் போனது, இரண்டு தடவையும் அவர், நீங்க சும்மா இருங்க சார் என்று ஊசி போடும்போது சொல்கிற மாதிரிச் சொன்னார். அரை மணி நேரம் டொக்கும் கொர்ரும்தான். திடீரென்று ஒரு தடவை சுத்தமாக ஒரு நாதம் எழுந்தது. அறை முழுக்க நிறைந்து, மெல்ல அடங்கியது. அவர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சார், இது நான் வாசிச்சதா?" என்று கேட்டார்.

மாமா, இருபத்தைந்து வருடமாக இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். என் எதிரில் உட்கார்ந்து ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்க நான் இடம் கொடுத்ததே இல்லை. பதினோரு பேரை இலவசமாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் எனக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் பத்து விரலாலும் கெட்டிருக்கிறேன். அன்று இரவு தங்கள் மகளிடம் ஒப்புக்கொண்டேன். ஒரு மாதமாக இதைத்தானே சொல்கிறேன் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

நர்ஸ் அடுத்த வாரமும் வந்தார். கூடவே அவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவரையும் கூட்டிவந்தார். எனக்குத் துணிச்சல் வந்து, பழைய ஆட்களைத் தேடிப் போனேன். டீச்சரின் மகளுக்கு நீச்சலில் சளி பிடித்திருந்ததால் அங்கே வேலை சுலபமாக முடிந்தது. லிஃப்ட் மெக்கானிக்கிடம், பழகாமல் வந்தால்தான் சேர்த்துக்கொள்வேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன், வந்துவிட்டார். பல் டாக்டர் மட்டும், என்னை நாற்காலியில் சாய்த்து, இருக்கட்டும் வாயைத் திறங்க என்று சொல்லி, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகுதான் சம்மதித்தார். ஆக ஐந்து பேர். ஆறாவதுக்குத்தான், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. நேற்று மின்சார மீட்டர் பார்க்க வந்தவரைக்கூட உட்காரவைத்து மடியில் கிடாரைக் கொடுத்துப் பார்த்தேன். அவர் மீட்டரைப் பார்க்காமலே போய்விட்டார்.

சொன்ன சொல் சொல்தான். ஐந்து, ஆறு ஆகாது. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து பேரிடமும் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் வருகிற பத்தாம் தேதி வியாழக்கிழமை காலை தங்கள் கடைக்கு வந்து குழாய்ப் பகுதியில் நின்றுகொள்கிறேன். எந்தக் குழாய்க்கு எந்தத் திருகு என்று தாங்கள்தான் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும்.

தங்கள் முழங்கால் படிக்கட்டில் வலிக்காதிருக்கட்டும், கடையில் கூட்டம் குறையாதிருக்கட்டும். அத்தைக்கு என் அன்பான விசாரிப்புகள். தங்கள் மகள் தனியே எழுதுவாள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், தோற்றுவிட்டேன் என்று அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமென்று போன் செய்தேன். மாமா, இதற்கு மேல் தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள். ஆறாவதாக ஓர் ஆள் இருக்கிறார். ஐந்து வாரமாகவே இருக்கிறார். தங்கள் காதுக்கு எட்டாது என்று சத்தியம் செய்து கொடுத்திருந்ததால் நான் அவரைச் சேர்த்து எண்ணவில்லை. என் விரலை விசாரிக்க அத்தை பேசியபோது நர்ஸ் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "எனக்கும் சொல்லித் தருவீங்களா மாப்பிள்ளை? இந்த வீட்ல எல்லாத்தையும் அவரே செஞ்சு காட்டிடறார், என் கையில ஒண்ணையும் குடுக்கறதில்ல" என்றார். செவ்வாயும் வியாழனும் மத்தியானம், தாங்கள் கடையில் இருக்கும்போது, வீடியோ போனில் வகுப்பு நடக்கிறது. பரணில் கிடந்ததாக ஒருவர் போனில் சொன்னாரே, அவரிடம் வாங்கி அனுப்பிய கிடார், பீரோவுக்குப் பின்னால் தங்களுடைய பழைய மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஆறு பேரில் விரல் மிகச் சுத்தமாக விழுவது அவருக்குத்தான். நான் தோற்றதைக் கேட்டதும், "ஆறுன்னே எழுதுங்க. ஆறாவது நான்தான்னும் எழுதுங்க. அவரை நான் பாத்துக்கறேன்" என்றார். ஆகவே குழாய்ப் பகுதிக்குத் தாங்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும். பத்தாம் தேதி என்னால் வர இயலாது, அன்று அத்தைக்கு வகுப்பு. தாங்கள் அன்று மூன்று மணிக்குக் கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டுமாம். தங்களுக்கு அவர் வாசித்துக் காட்டப் போகிறார், முடிகிற வரைக்கும் தாங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லச் சொன்னார்.