அடுக்கி வைத்தால் அவருக்கு ஆகாது

உலகத்தில் நடக்கிற எல்லாத் தீமைகளுக்கும் ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கி வைப்பதே காரணம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். குடியிருக்கிறார். இன்று காலையும் பார்த்தேன். மருந்துக் கடையில் மாத்திரை அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்த பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. அது ரேஷன் அட்டையில் இருக்கிறது. மற்றபடி அதனால் உபயோகம் இல்லை. தெருவுக்கு அவர் ‘காத்தோட்டம்’. முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பட்டம் கொடுத்த மாதிரி தலையசைப்பார்.

கீழவாஞ்சூர்ப் பக்கம் ஒரு நிலக்கரிக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர். மலைபோலக் குவித்து வைத்த நிலக்கரி, யாரும் பற்ற வைக்காமலே உள்ளுக்குள் சூடாகும். கவனிக்காமல் விட்டால் புகைய ஆரம்பிக்கும். குவியலுக்குள் நீளக் கம்பியைச் செருகிச் சூடு பார்ப்பதும், “கலைச்சு வுடுடா” என்று வண்டிக்காரர்களைப் பார்த்துக் கத்துவதும்தான் முப்பது வருஷமாக அவர் வேலை. ஓய்வு பெற்று எங்கள் தெருவில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு அவருக்கு நிலக்கரி கிடைக்கவில்லை. ஹோம் தியேட்டர்கள் கிடைத்தன.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்கத்தான். பத்திரிகையை நீட்டியவர் கண் என் தோளைத் தாண்டிப் போனது. கூடத்தில் என் மனைவியின் தேக்கு ஷோகேஸ் இருந்தது, கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்டது. உள்ளே அடியில் ஆம்ப்ளிஃபயர். அதன்மேல் டிவிடி பிளேயர், அதன்மேல் செட்டாப் பாக்ஸ், அதன்மேல் மோடம். உச்சியில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. ஒவ்வொன்றுக்கும் மனைவி தன் கையால் பூத்தையல் போட்ட துணி உறை.

“என்னங்கண்ணே இது, அபார்ட்மென்டா?” என்றார்.

“பாட்டுப் பெட்டிங்க.”

“அந்தப் பொம்ம ஏன் தலைய ஆட்டிக்கிட்டு இருக்கு தெரியுமா? சூடு தாங்கல. கீழ இருக்காரு பாருங்க ஆம்ப்ளிஃபயரு, அவருதான் குடும்பத்துக்குப் பெரியவரு. பெரியவரு தலையில நாலு பேரு ஏறி உக்காந்தா அவருக்குக் கொதிக்காதா? அவர மேல வைங்க. சின்னதுங்களத் தனித்தனியா வைங்க. நாலு பக்கமும் காத்தோட்டம் வேணும்.”

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பொருள் வாங்கினாலும் அதன் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவேன். மேலே இடைவெளி விடுக, துணியால் மூடற்க, அடைத்த அலமாரியில் வைக்கற்க என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. ஆனால் கையேட்டைப் படிப்பது வேறு, மனைவி தைத்த உறையைக் கழற்றுவது வேறு. இரண்டாவதற்கான நடைமுறை எந்தக் கையேட்டிலும் இல்லை.

அவர் கையேடெல்லாம் பார்க்கிறவர் இல்லை. பூட்டிலேயே தொங்கிய சாவியைத் திருகி ஷோகேஸைத் திறந்தார், உறைகளை உருவினார், புறங்கையை ஒவ்வொரு பெட்டியின் மேலும் வைத்துப் பார்த்தார். குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல. அந்த நேரம் பார்த்து மனைவி காபியோடு வந்தாள்.

“அத யாரு கழட்டுனது?”

“நாந்தாங்கக்கா. சித்திர வெயில்ல நீங்க கம்பளி போத்திக்கிட்டு உக்காருவீங்களா?”

காபி அப்படியே உள்ளே திரும்பிப் போனது. அன்று முதல் அவர் எங்கள் வாசலில் தெரிந்தால் மனைவி ஷோகேஸ் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள்.

எதிர்வீட்டு பிலோமினா டீச்சர் கதை இதைவிட மோசம். மார்கழிக் குளிரில் மாவு பொங்கவில்லை என்று இட்லி மாவுச் சட்டியைக் கொண்டுபோய் செட்டாப் பாக்ஸ் மேல் வைப்பது டீச்சரின் வழக்கம். கிறிஸ்துமஸ் கேக் வாங்கப் போன காத்தோட்டம் அதைப் பார்த்துவிட்டார்.

“டீச்சர், இது பொட்டியா அடுப்பா?”

“ரெண்டுந்தாங்க. ராத்திரி சீரியல் முடியறதுக்குள்ள மாவு எழும்பிரும்.”

“பொட்டி ஒருநாளு செத்துப்போயிரும் டீச்சர்.”

“மாவு பொங்கலன்னா எங்க வூட்டுல நான் செத்துப்போயிருவேன். இந்தாங்க கேக்கு.”

பெட்டி சாகவில்லை. இட்லி பஞ்சு மாதிரி வந்துகொண்டிருந்தது. இதில் அவருக்கு ஏற்பட்ட மனவருத்தம் கொஞ்சநஞ்சமல்ல. பெட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போகும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்.

பெட்டிகளுக்கு அடியிலும் காற்றுப் போக வேண்டும், அதற்குக் கால் வேண்டும் என்பது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. என்னென்னவோ வைத்துப் பார்த்தார். கடைசியில் பிராந்தி பாட்டில் மூடிதான் சரியான உயரம் என்று முடிவுக்கு வந்தார். எங்கள் காரைக்காலில் மண்ணைத் தோண்டினால் தண்ணீருக்கு முன்னால் பாட்டில் மூடிதான் வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் வேளாங்கண்ணிக்கு அடுத்தபடியாக வருவது இங்கே மலிவாகக் கிடைக்கும் பாட்டிலுக்குத்தான். ஆகவே, வாழ்க்கையில் ஒரு சொட்டுக்கூடத் தொடாத அந்த மனிதர், விடிந்ததும் விடியாததுமாக மதுக்கடை வாசலில் குனிந்து குனிந்து மூடி பொறுக்க ஆரம்பித்தார். சட்டைப் பை கலகலவென்று சத்தம் போட நடந்துவருவார்.

நெரவியிலிருந்து உழவுச் சாமான் வாங்க டவுனுக்கு வந்த அவருடைய மச்சான் ஒருநாள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார். கையைப் பிடித்துத் தெரு வழியாக நடத்திக்கொண்டே வந்தார்.

“காலங்காத்தாலயேவா மாப்ள?”

“நான் குடிக்கல மச்சான். மூடி பொறுக்குறேன்.”

“அது அதவிடக் கேவலமுல்ல.”

தெருவில் அவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டது என் மகள் ஒருத்திதான். அவள் மாமா மாமா என்று கூப்பிட்டு அவரிடம் சந்தேகம் கேட்பாள். வேலை கிடைத்து பிரான்சுக்குப் போனவள், தன் அறையில் மோடத்தைத் தனியாகவும் ஸ்பீக்கரைத் தனியாகவும் வைத்துப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினாள். அந்தப் படத்தை அவர் எல்லோருக்கும் காட்டினார். “பாரிஸுல என் பேச்சு எடுபடுது, இந்தத் தெருவுல எடுபடல” என்றார்.

அவளுக்கு அங்கேயே கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீட்டாரும் காரைக்கால்காரர்கள்தான், இரண்டு தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். விசாவுக்கு நான் தயார் செய்துகொண்டுபோன காகிதக் கட்டைப் பார்த்து, வாங்கியவரே எழுந்து நிற்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. ஒரு குறை கிடையாது. எல்லாம் கைக்கு வந்த பிறகு என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடது காலில் பாதம் முதல் தொடை வரை மாவுக்கட்டு. பயணம் கூடாது என்றார் மருத்துவர். மேல்முறையீட்டுக்கு வழியில்லை. அவளை அப்படியே விட்டுவிட்டு நான் மட்டும் போகவும் முடியாது. அங்கே மண்டபம் பேசியாகிவிட்டது, மேரி என்கிற அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் பதிவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

“நேரலையில பாத்துக்கலாம்மா” என்றாள் மகள். மாப்பிள்ளை டிவியில் செருகுவதற்கு ஒரு குட்டிப் பெட்டி அனுப்பி வைத்தார். மனைவி சாந்தமாகத்தான் இருந்தாள். ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “தாலி கட்டுறத மட்டும் நான் பாத்துரணும். வேற ஒன்னும் வேணாம்.”

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒத்திகை பார்த்தோம். மகள் டிவியில் பெரிதாக வந்தாள். வளையலைக் காட்டினாள், வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போனாள், திறந்த வாயோடு அப்படியே நின்றாள். பிறகு திரை இருண்டது. ஷோகேஸைத் திறந்தால் அடுப்படி மாதிரி அனல். குட்டிப் பெட்டியைக் கையில் எடுக்க முடியவில்லை. ஆம்ப்ளிஃபயர் தலைமேல், பூத்தையல் உறைக்குள் உட்கார்ந்து வெந்திருக்கிறது.

“அன்னைக்கும் இப்புடி ஆனா?” மனைவி அழ ஆரம்பித்தாள்.

நான் முறைப்படி சேவை மையத்துக்குப் போன் செய்தேன். எனக்கு ஒரு புகார் எண் கொடுத்தார்கள். அது இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். “அந்தாள வரச் சொல்லுங்க.”

காத்தோட்டம் வந்தார். வாசற்படியிலேயே நின்றார். “அக்கா வாயால சொல்லணுங்க. அப்பத்தான் தொடுவேன்.”

“கழட்டித் தொலைங்க.”

அந்த உத்தரவுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த மனிதர் அவர். அரைமணியில் எங்கள் அபார்ட்மென்ட் காலியானது. ஆம்ப்ளிஃபயரும் டிவிடியும் படுக்கையறைக்குக் குடிபெயர்ந்தன. டிவியைச் சுவரிலிருந்து நன்றாக முன்னால் இழுத்துப் போட்டு, அதன் பின்னால் ஒரு பெஞ்சியில் குட்டிப் பெட்டியையும் மோடத்தையும் முழ இடைவெளியில், மூடிக் கால்களின்மேல் நிறுத்தினார். பக்கத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேன். வேண்டிய மட்டும் ஓட்டிப் பார்த்தோம். படம் நிற்கவில்லை.

அங்கே காலை முகூர்த்தம் என்பதால் இங்கே உச்சி வெயில் நேரம். தெருவே எங்கள் கூடத்தில் இருந்தது. மனைவி பட்டுப்புடவை கட்டி, மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டி, நடுவில் உட்கார்ந்திருந்தாள். காத்தோட்டம் பட்டுச் சட்டையும் அங்கவஸ்திரமுமாக முதல் வரிசை முதல் நாற்காலியில். அந்த நாற்காலிக்கு விடிந்ததிலிருந்தே கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

மாலை மாற்றும்போது மின்சாரம் போனது.

இன்வெர்ட்டர் டிவியையும் பெட்டிகளையும் மட்டும் தாங்கிக்கொண்டது. அவருடைய பெடஸ்டல் ஃபேனையும் அதில் செருகியதும் வீலென்று கத்தியது. அது எவ்வளவு சுமை தாங்கும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. புரோகிதரின் கை அந்தரத்தில் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது.

“ஐயோ, நிக்கிதுங்க” என்றாள் மனைவி.

காத்தோட்டம் எழுந்தார். பிலோமினா டீச்சர் வீசிக்கொண்டிருந்த பனையோலை விசிறியைக் கையிலிருந்து பிடுங்கினார். டிவிக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விசிற ஆரம்பித்தார். புரோகிதரின் கை இறங்கியது.

“ஓடுதாங்க?” டிவிக்குப் பின்னாலிருந்து குரல்.

“ஓடுது, ஓடுது. வீசுங்க.”

“இப்ப என்ன நடக்குது?”

“கூறப்பொடவய வாங்கிக்கிட்டு உள்ள போயிருக்கு பொண்ணு” என்றார் டீச்சர்.

“கட்டிக்கிட்டு வந்ததும் சொல்லுங்க. ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிர்றேன்.”

சொன்னார்கள். அவர் தலை டிவிக்கு மேலே எழும்பியது. உடனே மகள் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்றாள். “உள்ள போங்க” என்று கூடமே கத்தியது. தலை மறைந்தது. மகள் காலைக் கீழே வைத்தாள்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். எங்கள் ஊர் சனத்துக்கு அந்தச் சத்தம் கேட்டால் கை தானாக எழும்பும். தட்டில் இருந்த அட்சதையை அள்ளி எல்லோரும் டிவியைப் பார்த்து வீசினார்கள். கையில் பட்டதை நானும் வீசினேன். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த மகள்மேல் அது விழவில்லை. டிவியைத் தாண்டிப் பின்னால் மழையாகக் கொட்டியது.

“அரிசி போடாதீங்க. பொட்டிக்குள்ள போவுது.”

மேளத்தில் யாருக்கும் காதில் விழவில்லை. ஓரத்தில் நின்ற எனக்கு மட்டும் அவர் தெரிந்தார். அங்கவஸ்திரத்தை உதறிக் கூடாரம்போலப் பிடித்து, அதுவும் போதாமல், பெட்டியின்மேல் தானே கவிழ்ந்துவிட்டார். எந்தப் பெட்டியையும் எதைக்கொண்டும் மூடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், தானே ஒரு உறையாகி மூடிக்கிடந்தார். வயிற்றுக்கும் பெட்டிக்கும் நடுவே கையை நுழைத்து விசிறியை மட்டும் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். அரிசி அவர் முதுகில் விழுந்து சிதறியது.

படம் நிற்கவில்லை. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டார். மற்ற இரண்டையும் அவருடைய அக்கா போட்டார். என் மனைவி அழவில்லை, கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

பந்தி முடிகிற நேரத்தில், வழக்கம்போல, மின்சாரம் வந்தது. காத்தோட்டம் வெளியே வந்தார். பட்டுச் சட்டை அரசலாற்றில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. தலை நிறைய மஞ்சள் அரிசி.

“மூணு முடிச்சையும் பாத்தீங்களாக்கா?”

“பாத்தேன் தம்பி.” மனைவி அவரைத் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அப்பச் சரி. பொடவ என்ன கலருக்கா?”

பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், சாயங்காலம் போட்டுப் பார்க்கலாம் என்று நான் முறைப்படி தெரிவித்தேன். மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இலை போட்டுப் பரிமாறச் சொல்லி, அரக்குப் புடவையில் மாம்பழக் கரை என்று தொடங்கி, மாப்பிள்ளையின் அக்கா எந்தப் பக்கம் நின்றார் என்பது வரை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி உம் கொட்டிக்கொண்டே இருந்தார்.

ஐப்பசியில் மகளும் மாப்பிள்ளையும் ஊருக்கு வந்தார்கள். புதுமணத் தம்பதிக்கு முதல் விருந்து தாய்மாமன் வீட்டில்தான். அதுதான் முறை. எனக்கு எல்லா முறையும் தெரியும். மனைவி முதல் விருந்து காத்தோட்டம் வீட்டில் என்றாள். மைத்துனர் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

அந்த விருந்தில் காத்தோட்டம் மாப்பிள்ளைக்குக் கல்யாணக் கதை சொன்னார். நேரில் பார்த்தவர்போலச் சொன்னார். புடவை என்ன நிறம், கரை எப்படி, மாப்பிள்ளை தாலியை எப்படி எடுத்தார், அக்கா எந்தப் பக்கம் நின்று முடிச்சுப் போட்டார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அன்று கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த நாங்கள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவிக்குப் பின்னால் நடந்ததை நாங்கள் சொல்லி முழுக்கத் தெரிந்து வைத்திருந்த என் மகள், பிசைந்த சோற்றை அப்படியே இலையில் விட்டுவிட்டு, “அப்புறம் என்னாச்சு மாமா?” என்று கேட்டாள்.